பச்சைத் தூள்

எங்கள் வீட்டில் வேலை செய்த பெண்ணின் குழந்தைக்கு நான் கெடுதல் செய்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாயில்லை. எச்சரித்தார்கள், கேட்கவில்லை. பிறகு மறைத்தேன்.

மந்தைவெளியில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடியாகின்றன. இடிக்கும் காண்ட்ராக்டரிடம் பேசினால் பர்மா தேக்குக் கதவு, ஜன்னல் சட்டம், உத்தரம் எல்லாம் புது மரத்தைவிட மலிவாகக் கிடைக்கும். ஓர் இரட்டைக் கதவை வாங்கினேன். அதைச் சாப்பாட்டு மேசையாக்கினால் ஆசாரி கூலி மிச்சம். அதைவிட, வருகிறவர்களிடம் “நானே செய்தது” என்று சொல்லும் ஆசை. அந்த ஆசைதான் பெரிதாக இருந்தது.

கதவை இறக்க உதவிய ஆசாரி பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மேலே பச்சை, அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் வெள்ளை. “ரொம்பப் பழைய பெயிண்ட்டு சார். மெஷின் போடாதீங்க. வெளியில வச்சு, தண்ணி தொட்டு கையால தேய்ங்க. புள்ளைங்களை அண்ட விடாதீங்க” என்றார். தலையாட்டினேன். படித்த எனக்கு இவர் சொல்லித் தருவதா என்று மனதுக்குள் நினைத்தேன்.

விஷயம் எனக்கும் தெரியும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடர்ந்த நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். மஞ்சளிலும் பச்சையிலும் அது அதிகம். இதையெல்லாம் படித்திருந்தேன்.

மெஷினை வாடகைக்கு எடுத்தேன். மழை வந்தது. கதவை ஹாலுக்குள் இழுத்துப் போட்டு ஓட்டினேன். பச்சைத் தூள் ஃபேன் இறக்கைவரை படிந்தது. நான் மாஸ்க் போட்டிருந்தேன். அந்தப் பெண் துடைப்பத்தால் பெருக்கப் பெருக்க, தூள் மறுபடி எழுந்தது. அவருடைய பையனுக்கு அப்போதுதான் ஒரு வயது. அதே தரையில் தவழ்ந்தான். கையை வாயில் வைத்தான். பார்த்தேன். “அவனை வெளியே தூக்கிட்டுப் போம்மா” என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னால் ஏனென்று கேட்பார். வேலையை நிறுத்த வேண்டிவரும். பாதிக் கதவில் தேக்கின் ரேகை தெளிந்திருந்தது. என் கண் அதில்தான் இருந்தது. மெஷினை மறுபடி போட்டேன்.

சில வாரங்களில் பையன் வாடிப்போனான். சாப்பாடு இறங்கவில்லை. மலச்சிக்கல், ஓயாத அழுகை. ரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மருந்து கொடுத்திருந்தார்கள். வீட்டில் பெயிண்ட் வேலை ஏதாவது நடந்ததா என்று டாக்டர் கேட்டதாகவும், தன் வீட்டை நினைத்து இல்லை என்று சொல்லிவிட்டதாகவும் அந்தப் பெண் என்னிடம் சொன்னார். எனக்குச் சுரீரென்றது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அக்கம்பக்கத்தில் பேர் கெட்டுவிடும் என்று பயந்தேன். மருந்துச் செலவுக்குப் பணம் கொடுத்தேன். “நீங்க நல்லா இருக்கணும் சார்” என்றார். அந்த வாழ்த்தையும் வாங்கிக்கொண்டேன்.

பையன் தேறவில்லை. அதற்குப் பிறகுதான் சொன்னேன். ரத்தத்தில் ஈயத்தைச் சோதித்தார்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே காரணத்தைத் தேடி அகற்ற வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவனுக்கு அதைவிட அதிகம். ஈயத்தில் இந்த அளவு பரவாயில்லை என்று எதுவும் கிடையாது. வளரும் மூளைக்கு அது செய்த சேதத்தைச் சரிசெய்ய மருந்தும் கிடையாது. எல்லாமே உங்கள் வீட்டுத் தூளால் வந்ததுதானா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளப் போவதில்லை.

அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டார். “அன்னைக்கே சொல்லியிருந்தா இங்க கூட்டிட்டே வந்திருக்க மாட்டேனே சார்” என்றார். நான் மறைத்த நாட்களிலும் பையன் என் ஹாலில்தான் விளையாடினான். ஃபேன் மேலிருந்தும் சோபா இடுக்கிலிருந்தும் அந்தத் தூளை ஈரத்துணியால் நான் துடைத்தெடுத்தது அவர்கள் போன பிறகுதான்.