வடகோடிக் குளங்கள்

அலாஸ்காவின் வட எல்லையில், ஆர்க்டிக் சமுத்திரத்தின் கரையில், 2016 வரை பாரோ என்று வழங்கிப் பின்னர் இன்யுபியாட் மக்களின் பழம்பெயரை மீண்டும் பூண்ட உட்கியாக்விக் என்னும் ஊரை நோக்கி விமானம் தாழும்போது, நிலத்தைவிட நீரே மிகுதியோ என்று மயங்கும்படி ஏரிகளும் குளங்களும் கண்ணெட்டும் தூரமெல்லாம் பரந்து கிடக்கின்றன. மழையும் பனியும் சேர்ந்து அங்கே வருஷத்தில் சராசரியாகப் பெய்வது 150 மில்லிமீட்டருக்கும் குறைவே. ஆயினும், கோடையில் மேலே ஒன்றிரண்டு அடி மட்டும் இளகி, அதன்கீழே ஆயிரம் அடிக்கும் அப்பால் என்றும் உறைந்தே கிடக்கும் மண்ணானது ஒரு துளியையும் உள்ளே இறங்க விடாமையால், பெய்த சிறிதளவு நீரும் மேலேயே தங்கிவிடுகிறது.

நான் சென்றது சூரியன் அஸ்தமிக்காத ஜூலை மாதம். சதுப்பின்மேல் இட்டிருந்த பலகைகளின் வழியே நடந்து ஒரு குளத்தை அடைந்தேன். முழங்காலளவே ஆழம், அடியில் கரிய சேறு, ஓரங்களில் கோரை. பல நூற்றாண்டுகளின் இலைதழைகள் மக்காமல் மண்டிய அந்தச் சேற்றின்மேல் நின்ற நீரோ பாசியின் சாயலே இன்றித் தெளிந்திருந்தது. செழுமையின்மேல் நிற்கும் நீர் இவ்வளவு வறியதாயிருப்பானேன் என்ற வினா அன்று முழுதும் என்னை விடவில்லை.

1971 முதல் 1973 வரை, சர்வதேச உயிரியல் திட்டத்தின் கீழ், ஜான் ஹாபி என்னும் அறிஞரும் அவருடைய சகாக்களும் இதே குளங்களை ஆராய்ந்து விடை கண்டிருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் பனி உருகும்போது, நிலம் இன்னும் இறுகிக் கிடப்பதால், உருகிய நீர் சென்ற ஆண்டின் உலர்ந்த இலைகள்மேல் வழிந்தோடி, அவற்றிலிருந்து பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் கரைத்துக்கொண்டு சில தினங்களிலேயே குளங்களை நிரப்பிவிடுகிறது. ஆனால் சேற்றில் மிகுந்துள்ள இரும்பு, உலோபி பொருளைப் புதைப்பதுபோல், அந்தப் பாஸ்பரஸைப் பற்றி மறைத்துக்கொள்கிறது; நீரில் எஞ்சும் அற்பத்தைப் பாக்டீரியாக்களும் பாசிகளும் மீண்டும் மீண்டும் உண்டு, வெளிவிட்டு, உயிர் வாழ்கின்றன. இச்சிக்கனத்தின் உச்சத்தை அச்சேற்றில் வாழும், கொசுவைப் போன்ற ஆனால் கடிக்காத பூச்சியின் புழுவிலே காணலாம்: குளம் அடிவரை உறையும் குளிர்காலந்தோறும் தானும் உறைந்து, கோடைதோறும் மீண்டும் இளகி, சிறகு பெற்றுப் பறக்க அதற்கு ஏழு வருஷம் ஆகிறது. அவ்வாறு பறந்தவற்றைப் பறவைகள் உண்ண, குளத்தின் சத்தில் ஒரு பங்கு மீண்டும் நிலத்தைச் சேர்கிறது.

சற்று ஆழமான ஏரிகளில் வேறொரு விந்தை நிகழ்கிறது. நீர் உறையும்போது பனிக்கட்டி தன்னுள் உப்புகளை ஏற்பதில்லை. ஆகவே அவையெல்லாம் கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, அடியில் எஞ்சிய இருண்ட நீரில் செறிந்து, வசந்தத்தின் ஒளிக்காகக் காத்திருக்கின்றன.

நெடுங்காலமாக நிலைபெற்ற இந்த ஒழுங்கு இன்று குலைந்துவருகிறது. சுமார் 40 ஆண்டுகளுக்குப்பின் அதே குளங்களை மீண்டும் அளந்தவர்கள், நீரின் வெப்பமும் சத்தும் பாசியும் பெருகியிருப்பதையும், கோரை அடர்ந்திருப்பதையும், பல குளங்கள் சுருங்கியிருப்பதையும் கண்டார்கள். உறைமண் இளக இளக, அதனுள் அடைபட்டிருந்த சத்துகள் விடுபட்டு நீரை அடைகின்றன. அந்த வளம் ஆரோக்கியத்தின் அறிகுறி அன்று, ஒரு நிலம் கரைவதன் அறிகுறி.

முழங்காலளவு நீரை அளப்பதால் என்ன பயன் என்று 1971-ல் அவர்கள் சோர்ந்திருந்தால், இம்மாறுதலை இன்று நாம் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆதலால், எந்த நாட்டிலாயினும், அற்பமென்று தோன்றும் நீர்நிலைகளையும் ஆண்டுதோறும் அளந்து எழுதிவைப்போரை நாம் ஆதரிக்க வேண்டும். வருங்காலத்தவர்க்கு நாம் செய்யக்கூடிய உபகாரங்களில் அது தலையாயது.