திருவாதிரைக்கு லீவு

நியூகாசிலில் மார்கழி விடிய எட்டு மணிக்கு மேலாகும். பிற்பகல் நாலுக்கு முன்பே இருட்டிவிடும். நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் கிறிஸ்துமஸ் வாரம் முழுவதும் மாலையில் கூடத்தில் படம் போடுவோம். 2017-இல் வந்த 'தி மேன் ஹூ இன்வென்டட் கிறிஸ்துமஸ்' படத்தைச் சக்கர நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றபடி பாதி பார்த்தேன். மீதியை வீட்டில் பார்த்தேன். இயக்கியவர் பரத் நல்லூரி. குண்டூரில் பிறந்து, இந்த நியூகாசிலில் வளர்ந்தவர்.

சார்லஸ் டிக்கன்ஸ் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' எழுதிய ஆறு வாரக் கதை அது. 1843 அக்டோபரில் அவருக்கு வயது 31. புத்தகங்கள் சரியாகப் போகவில்லை, வீட்டுச் செலவோ ஏறிக்கொண்டிருந்தது. அச்சுச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டு எழுதினார். டிசம்பர் 19-இல் வெளிவந்தது. கிறிஸ்துமசுக்குள் 6,000 பிரதிகளும் தீர்ந்துவிட்டன. படத்தில் கஞ்சன் ஸ்க்ரூஜாக வரும் கிறிஸ்டோபர் பிளம்மர், எழுத்தாளரின் அறைக்குள்ளேயே வந்து நின்று அவரோடு வாதாடுகிறார். டிக்கன்ஸுக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குப் போனதும், பையன் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டியதும்தான் அந்தக் கதையின் ஊற்று என்கிறது படம். இருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் லண்டனில் ஃபீல்ட் லேன் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தார். சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்த குழந்தைகளைப் பற்றிய அரசு அறிக்கையைப் படித்துக் கொதித்துப்போய், ஒரு துண்டுப் பிரசுரம் எழுத நினைத்திருந்தார். அந்தக் கோபம்தான் கதையானது என்பது என் எண்ணம்.

எனக்கு அந்தக் கதையில் எப்போதும் உறைப்பது ஆவிகள் அல்ல, ஒரு குமாஸ்தா கிறிஸ்துமஸ் நாளுக்கு லீவு கேட்கும் இடம். ஸ்க்ரூஜ் கொடுக்கிறான்தான். ஆனால் தன் பாக்கெட்டில் யாரோ கைவிட்டதுபோல முனகிக்கொண்டு கொடுக்கிறான்.

இதே மார்கழியில் நம் ஊர்ப் பக்கத்திலும் ஒருவன் லீவு கேட்டான். நந்தன். கேட்டது திருவாதிரைக்குச் சிதம்பரம் போக. அவனுக்கு அது லீவு அல்ல, உத்தரவு. நாற்பது வேலியையும் நட்டு அறுத்துவிட்டுப் போ என்கிறார் அவன் ஆண்டையான வேதியர். ராத்திரியோடு ராத்திரியாகக் கதிர் முற்றி நிற்கிறது. விடிந்து வந்து பார்த்த வேதியர் நந்தன் காலில் விழுகிறார். ஒரே இரவில் முதலாளி மனம் திரும்பும் கதையை டிக்கன்ஸ் லண்டனில் எழுதி இருபது ஆண்டுகூட ஆகாத காலத்தில், மாயவரம் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் கதையைக் கீர்த்தனைகளாகப் பாடிக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் அறிய வழியே இல்லை.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இந்த வேதியர் கிடையாது. திருநாளைப்போவார் என்று அங்கே வரும் நந்தனுக்கு ஆண்டையே இல்லை. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று அவரே தயங்கித் தயங்கி நிற்கிறார். தடுப்பவனைக் கொண்டுவந்து வைத்தவர் பாரதியார். யாரைப் பார்த்து வைத்தார்? எந்த மிராசுதார் வீட்டுத் திண்ணையில், எந்தக் குரலைக் கேட்டு? 1935-இல் கே.பி. சுந்தராம்பாளும், 1942-இல் ஜெமினி படத்தில் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தார்கள். பாரதியார் அறைக்குள் வேதியர் வந்து நின்று வாதாடும் படம் ஒன்று இன்னும் வரவில்லை. அது வரவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில். திருவாதிரையன்று அம்மா விடியலிலேயே களி கிளறித் தூக்கில் எடுத்துக்கொள்வாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று சிதம்பரத்துக்குப் பஸ் போகும். வெள்ளாறு தாண்டினால் அம்மா கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ராஜசபையிலிருந்து நடராஜர் ஆடி ஆடி உள்ளே போகும் அந்தப் பிற்பகலுக்காக நசுங்கிக்கொண்டு நிற்போம்.

திரும்பும்போது ஒருமுறை ஓமக்குளம் வழியாக வந்தோம். நந்தனார் தீயில் இறங்கிய இடம் என்று அதைச் சொல்வார்கள். ஸ்க்ரூஜ் மாறியதும் கதை முடிந்துவிடுகிறது. குமாஸ்தாவுக்குச் சம்பளம் கூடுகிறது, அவன் பையன் டிம் பிழைக்கிறான். வேதியர் மாறிய பிறகும் நந்தனுக்குக் கோயில் திறக்கவில்லை. நெருப்பு மிச்சம் இருந்தது. ஒரு முதலாளியின் மனம் மாறினால் போதாத ஊர் அது. இதைச் சிறுவயதில் நான் யோசித்ததில்லை, அக்கரையில் வந்து நின்றுதான் யோசித்தேன். சுவாமி சகஜானந்தா 1916-இல் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் தொடங்கி அதற்கு நந்தனார் பெயரையே வைத்தார். டிக்கன்ஸ் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்து கதை எழுதினார். இங்கே கதையைச் சுமந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் வந்தது.

நியூகாசில் வந்த புதிதில் வேறொரு இடத்தில் வேலை பார்த்தேன். திருவாதிரைக்கு ஊருக்குப் போக இரண்டு வாரம் கேட்டேன். டிசம்பரில் யாருக்கும் லீவு இல்லை என்று மேலாளர் தாளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திருப்பித் தந்தார். கிறிஸ்துமஸ் அன்று நானும் கேரளத்துப் பெண் ஒருத்தியும் நைஜீரியாக்காரர் ஒருவரும் வேலை பார்த்தோம். அவர்கள் இருவரும் கிறிஸ்தவர்கள். அவர்களுக்கும் கிடைக்கவில்லை. அன்று போனில் அம்மாவிடம், "அடுத்த மார்கழிக்கு வந்துடறேம்மா" என்றேன். அதற்கப்புறம் எட்டு மார்கழி அதையே சொன்னேன். ஒன்பதாவதுக்குப் போனபோது களி கிளற அம்மா இல்லை.

இப்போது எங்கள் இல்லத்தில் டிசம்பர் ரோட்டா போடுவது நான். அக்டோபரிலேயே எல்லாரையும் கூப்பிட்டு, எந்த நாள் யாருக்கு வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். பிள்ளைகள் இருப்பவர்களுக்கு 25. ஊரில் வயதான பெற்றோர் இருப்பவர்களுக்கு அவர்கள் கேட்கும் இரண்டு வாரம். இந்த ஆண்டு கோட்டயத்துப் பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு, சேச்சி" என்றாள். மீதியை அவள் சொல்வதற்குள் எழுதிவிட்டேன்.