சந்தக்ஃபூ ஏற்றத்தில் எந்த முள்ளை நம்புவது?

மானேபஞ்சாங் கடைத்தெருவின் ஒரு பக்கம் இந்தியா, மறுபக்கம் நேபாளம். டார்ஜிலிங்கிலிருந்து காலையில் கிளம்பினால் டீக்கடைகள் சுறுசுறுப்பாவதற்குள் வந்து சேர்ந்துவிடலாம். அங்கே வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்ப்பவர்களுக்கு, பழைய ஆங்கிலப் படம் ஏதோ ஷூட்டிங் நடக்கிறது என்று தோன்றும். தேயிலைத் தோட்டத் துரைகள் காலத்து லேண்ட் ரோவர்கள் அவை. துரைகள் கப்பலேறிவிட்டார்கள். வண்டிகள் மட்டும் இன்னும் 31 கிலோமீட்டர் ஏறி, மேற்கு வங்காளத்தின் மிக உயரமான இடமான சந்தக்ஃபூவுக்குப் பயணிகளைக் கொண்டுபோகின்றன. உயரம் 3,636 மீட்டர். வானம் தெளிந்திருந்தால் கஞ்சன்ஜங்காவையும் எவரெஸ்ட்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம்.

வண்டியின் கூடுதான் பழையது. பலவற்றில் பிறவி பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மகிந்திரா டீசல் எஞ்சினை உட்கார வைத்திருக்கிறார்கள். உடம்பு ஒருவருடையது, இதயம் இன்னொருவருடையது. அந்த இதயத்தின் நாடியைப் பெட்ரோல் காலத்து டாஷ்போர்டு சரியாகச் சொல்லுமா? 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரையோ பழைய சுமோவையோ இன்னும் பிரியமாக வைத்துக்கொண்டு மலையேறுகிறவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. வெளியில் வாங்கிப் பொருத்தும் மீட்டர்களில் எது உபயோகம், எது வெறும் அலங்காரம்?

பதிலை இந்தச் சாலையே சொல்கிறது. ஏறக்குறைய 2,000 மீட்டரில் தொடங்கும் ஏற்றம் டும்லிங்கில் 3,000 மீட்டரை நெருங்குகிறது. பிறகு கைரிபாஸ் வரை மளமளவென்று இறங்கி, மறுபடி காளிபோக்ரிக்கு ஏறுகிறது. கடைசி நாலைந்து கிலோமீட்டர்தான் வயிற்றைக் கலக்கும் செங்குத்து. ஒரு காலத்தில் முழுக்க உருண்டைக் கற்களாக இருந்த பாதையில் இப்போது பல இடங்களில் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். குலுக்கல் குறைந்தது, செங்குத்து குறையவில்லை.

உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. சந்தக்ஃபூவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சினின் பம்ப்புக்கு அது தெரியாது. சமவெளியில் கொடுத்த அளவு டீசலையே கொடுத்துக்கொண்டிருக்கும். எரியக் காற்றுப் போதாமல் கரும்புகை கிளம்பும், எஞ்சின் திணறும். முதல் கியரில் வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்வதால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றும் கிடையாது.

இதைவிட முக்கியமானது தண்ணீர். இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருப்பதில்லை. 88 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்வரை கவலையில்லை. மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்துபோயிருந்தால் கதையே வேறு. கம்பெனி மீட்டரில் பெரும்பாலும் எண்ணே இருக்காது; ஒரு முனையில் 'சி', மறுமுனையில் 'எச்', நடுவில் ஒரு முள். தண்ணீர் உள்ளே தளதளவென்று கொதிக்கும்போதும் அந்த முள் நடுவிலேயே சமர்த்தாக நிற்கும். தண்ணீர் ஆவியாகி வெளியேறிய பிறகு நடப்பது இன்னும் மோசம். தண்ணீரில் முழுகியிருக்க வேண்டிய சென்சார் வெறும் ஆவியில் தொங்குவதால் முள் கீழே இறங்கவும் செய்யும். சூடு தணிந்தது என்று டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். ஹெட் காஸ்கெட் போகும், ஹெட்டே வளைந்தும் போகலாம். அருகில் ஒர்க்‌ஷாப் இல்லாத காட்டுக்குள் அது சின்ன விஷயமல்ல.

ஆகவே, சிலிகுரி உதிரிபாகக் கடையில் ஒரே ஒரு மீட்டருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், டிகிரி எண் போட்ட டெம்பரேச்சர் மீட்டரை வாங்குவதே புத்திசாலித்தனம். கூடவே ஒரு புது ரேடியேட்டர் மூடியும். மெல்லிய செப்புக் குழாய் வைத்த மெக்கானிக்கல் மீட்டருக்கு மின்சாரம் வேண்டாம்; எர்த் கோளாறால் பொய் சொல்லாது. ஆனால் குழாய் மடிந்தாலோ அறுந்தாலோ மீட்டரைத் தூக்கிப்போட வேண்டியதுதான். ஹெட்டின் போல்ட்டில் மாட்டி உலோகத்தின் சூட்டையே அளக்கும் சென்சாரும் உண்டு. தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உண்மை பேசும்.

அடுத்தது ஆயில் பிரஷர். டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு, அழுத்தம் சுமார் ஐந்தாறு பவுண்டுக்குக் கீழே விழுந்த பிறகுதான் எரியும். அது எச்சரிக்கையல்ல, மரண அறிவிப்பு. சூடான எஞ்சினில் ஆயிரம் சுற்றுக்குப் பத்துப் பவுண்டு வீதம் இருக்க வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. மீட்டர் இருந்தால், அது மாதா மாதம் குறைந்துகொண்டு வருவதை முன்கூட்டியே பார்க்கலாம். மெக்கானிக்கல் வகையில் கொதிக்கும் ஆயில் டிரைவரின் முழங்கால் வரை குழாயில் வருகிறது. மலிவான பிளாஸ்டிக் குழாயை அங்கே நம்புவது வேண்டாத வீரம்.

வோல்ட் மீட்டர் சாதுவாகத் தெரியும், ஆனால் கைகாரன். ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி நிற்கும் முள் திடீரென்று 12க்கு வந்தால், ஃபேன் பெல்ட் அறுந்திருக்கலாம். பல பழைய எஞ்சின்களில் அந்த ஒரே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் ஓட்டுகிறது. சூட்டு முள் ஏறுவதற்கு முன்பே வோல்ட் முள் தகவல் சொல்லிவிடும்.

ஏறியவர்கள் இறங்கவும் வேண்டுமே! டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைப் போல் தானாக வாக்குவம் உண்டாக்காது. சர்வோ பிரேக் உள்ள சுமோ, பொலேரோ போன்றவற்றில் அதற்கென்று ஒரு பம்ப், பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே ஒட்டியிருக்கிறது. பெல்ட் போனால் பிரேக்கின் துணையும் போய்விடும். மிதி கல்லாக இறுகும். அதனால்தான் கடைக்காரர்கள் அதிகம் காட்டாத வாக்குவம் மீட்டர் மலைப்பாதையில் மதிப்புப் பெறுகிறது. சமவெளியில் 26, 27 பாதரச அங்குலம் காட்டும் முள், சந்தக்ஃபூவில் 19ஐத் தாண்டாது. அங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான். பம்ப் கெட்டுவிட்டது என்று கழற்றுவது வீண்செலவு. பிரேக்கின் துணை மேலே சற்றுக் குறைவு என்பதை நினைவில் வைத்துச் சின்ன கியரில் இறங்கினால் போதும். பழைய லேண்ட் ரோவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்கு சர்வோவே இல்லை; டிரைவரின் கால்பலம்தான் எல்லாம்.

மற்றவை ஆசைக்கு. டர்போ இல்லாத வண்டியில் பூஸ்ட் மீட்டர் மாட்டுவது மொட்டைத் தலைக்குச் சீப்பு வாங்குவது. பெட்ரோல் காருக்கான சுற்றுமானி டீசலில் வேலை செய்யாது. இக்னிஷன் காயிலே இல்லாத எஞ்சினில் அது எதை எண்ணும்? புகைபோக்கிச் சூட்டை அளக்கும் பைரோமீட்டர், டர்போ வைத்து டீசலைக் கூட்டியவர்களுக்கு அவசியம். மற்றவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் கரும்புகையே இலவச மீட்டர்.

பொருத்தும்போது ஒரு பழைய ரேஸ்காரர் தந்திரம் உதவும். மீட்டரை அதன் துவாரத்திலேயே சற்றுத் திருகி, சரியான அளவில் முள் நேர் மேலே நிற்கும்படி வைத்துவிடுவது. எண்கள் சாய்ந்து தெரியும், பரவாயில்லை. கடைசி ஏற்றத்தில் பள்ளத்தாக்கிலிருந்து கண்ணை எடுத்து எண் படிக்க யாருக்கும் நேரமிருக்காது. மூன்று முள்ளும் நட்டுக்குத்தாக நிற்கின்றனவா என்பது ஓரக்கண்ணிலேயே தெரிந்துவிடும்.