கழுத்தை உள்ளிழுத்த கோழி

போன மாசியில் ஒருநாள், கூட்டைத் திறந்துவிட்டும் எங்கள் கருங்கோழி குப்பைமேட்டுக்கு ஓடவில்லை. மூலையிலேயே கழுத்தை உள்ளிழுத்து, சிறகைத் தொங்கவிட்டு, கண் சொருகி நின்றது. காலடியில் வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல். அம்மா பார்த்ததுமே சொல்லிவிட்டார்: “வெள்ளக்கழிச்சல்டா, தாங்காது.” நாலே நாளில் பதினோரு கோழிகள் போயின. கடைசிக் கோழிக்குக் கழுத்து திருகிக்கொண்டு, தலை வானத்தைப் பார்த்தபடி இருந்தது. அது இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மருத்துவர்கள் ராணிக்கெட் என்பது இதைத்தான். வைரஸ் நோய், வந்தபின் மருந்தில்லை. சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுத்தோம். தெம்புக்கு உதவலாம், வைரஸை விரட்டாது. தடுப்பூசிதான் வழி: முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 8-வது வாரத்தில் இறக்கையடியில் ஊசி. இவ்வளவு எளிய வேலையை நான் தள்ளிப்போட்டிருந்தேன்.

எல்லாச் சீக்கும் இப்படியில்லை. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வந்தால் அம்மை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவி, இரை எடுக்கவைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சல். ஈரக்கூட்டில்தான் அது பெருகும். மருந்து உண்டு, உடனே கொடுக்க வேண்டும்.

சீக்குக்கோழியை அவசரமாகச் சந்தையில் தள்ளிவிடாதீர்கள்; நோய் அடுத்த ஊருக்குப் போகும். செத்ததை வாய்க்காலில் வீசாமல், ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வெயில் ஏறுமுன் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டுவிடுங்கள்.