இருந்தும் இல்லாத நூலகம்

ஒரு கல்லூரியில் ஆயிரம் மாணவர் பயில்கின்றனர். ஒவ்வொருவரும் பேரகராதி ஒன்றை விலைகொடுத்து வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. நூலகத்தில் இருந்தால் போதும். அனைவரும் எடுத்துப் பயன்கொள்ளலாம். இந்த எளிய முறையே கணிப்பொறி உலகிலும் உண்டு என்று அறிந்தபோது வியந்தேன்.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது யூனிக்ஸ். தொடக்கத்தில் ஒவ்வொரு செயல்நிரலும் தனக்கு வேண்டிய நூலகப் பகுதிகளைத் தானே சுமந்து சென்றது. பின்னர்ப் பகிர்வு நூலகம் வந்தது. 1988-இல் வெளிவந்த சன்ஓஎஸ் 4.0 அதற்கு இடமளித்தது. ஒரே நூலகம் நினைவகத்தில் ஏறினால் பல நிரல்கள் அதைப் பகிர்ந்துகொள்ளும். இடம் மிச்சம்! ஆனால் பொதுச்சொத்து என்றால் சிக்கலும் உடன் வருமன்றோ?

சிக்கல் மூன்று இடங்களில் எழும். முதலாவது, நூலகத்தை உருவாக்கும் இடம். அது எந்த நிரலோடு எந்த முகவரியில் அமரும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே எங்கு வைத்தாலும் இயங்குமாறு, 'எஃப்பிக்' என்னும் கட்டளைக் குறிப்போடு தொகுக்க வேண்டும். இரண்டாவது, நிரலோடு இணைக்கும் இடம். கட்டளை வரியில் நிரலின் கோப்பு முன்னும் நூலகத்தின் பெயர் பின்னும் வருவதே நலம். வரிசை மாறினால் இணைப்பி சில வேளைகளில் முரண்டு பிடிக்கும். மூன்றாவது, ஓட்டும் இடம். அதுதான் எங்களை அலைக்கழித்தது.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக நாங்கள் நால்வர், தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்தும் நிரல் ஒன்றை எழுதினோம். மறுநாள் காலை புறத்தேர்வாளர் வருகிறார். தேர்வு நடக்கும் அறையிலிருந்த லினக்ஸ் கணிப்பொறியில் நிரலையும் அதன் நூலகத்தையும் ஏற்றினோம். நிரல் ஓடவில்லை. 'பகிர்வுக் கோப்பைத் திறக்க இயலவில்லை; அப்படி ஒரு கோப்பு இல்லை' என்றது. அடைவைத் திறந்து பார்த்தோம். கோப்பு கண்ணெதிரே இருந்தது! ஐந்து மணிக்கு அறையைப் பூட்டிவிடுவார்கள். எங்கள் எவர் வீட்டிலும் கணிப்பொறி கிடையாது. ஆறு மாத உழைப்பு வீணாகுமோ என்று நண்பன் கண்கலங்கினான்.

பேராசிரியர் வந்தார். "கோப்பு இருக்கிறதா என்று பார்த்தீர்கள். தேடுகிறவனுக்கு அது தெரியுமா என்று பார்த்தீர்களாப்பா?" என்றார். 'எல்டிடி' என்ற கட்டளையைக் கொடுக்கச் சொன்னார். நிரலுக்கு வேண்டிய நூலகங்கள் வரிசையாக வந்தன. எங்கள் நூலகத்தின் எதிரே மட்டும் 'காணவில்லை' என்றிருந்தது. ஏற்றிப் பொருத்தும் நிரல் கணிப்பொறி முழுவதையும் தேடுவதில்லை. தனக்குரிய பட்டியலையும் குறித்த சில அடைவுகளையும் மட்டுமே பார்க்கும். நூல் அடுக்கில் இருந்தது, பட்டியலில் ஏறவில்லை! ஆய்வக உதவியாளர் 'எல்டிகான்ஃபிக்' கட்டளையால் பட்டியலைப் புதுப்பித்தார். அடுத்த நொடியே சொற்கள் அகரத்தில் தொடங்கி அணிவகுத்தன. மணி நாலே முக்கால்.

நண்பர்களே, பிழைச்செய்தி நமக்குப் பகையன்று, வழிகாட்டி. தொகுக்கும்போது வந்ததா, இணைக்கும்போது வந்ததா, ஓட்டும்போது வந்ததா என்று முதலில் பிரித்தறியுங்கள்; பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். 'இல்லை' என்ற விடை வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். 'எங்கே தேடினாய்?' என்று கேளுங்கள்.