சாதிப் பெயரைத் துறந்த பிறகு

ஓவியர் சித்தபிரசாத் வங்காளப் பார்ப்பனக் குடும்பத்தில் 1915இல் பிறந்தவர். சாதியை எதிர்த்து 'பட்டாச்சார்யா' என்ற பின்னொட்டைத் துறந்தார்.

தோழர்களே, நம் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை. ஆனாலும் ஊரையும் தெருவையும் கேட்டுக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதனால் ஒருவர் பட்டத்தைத் துறந்தார் என்றதும் நாம் கைதட்டிவிடுவதில்லை. அதன் பிறகு என்ன செய்தார் என்று கேட்கிறோம்.

1943 பஞ்சத்தின்போது சித்தபிரசாத் மிட்னாப்பூரில் ஊர் ஊராக நடந்தார். பட்டினியில் கிடந்தவர்களை மையால் வரைந்தார். வரைந்தவர்களின் பெயரையும் ஊரையும் குறித்துவைத்தார். அந்தப் படங்களும் குறிப்புகளும் 'பசித்த வங்கம்' என்று நூலாக வந்தன. ஆங்கிலேய அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது.

அவர் நிறுத்தவில்லை. பம்பாய்க்குப் போய் உழவர்களையும் தொழிலாளர்களையும் உழைக்கும் குழந்தைகளையும் லினோலியத்தில் செதுக்கினார். ஒருமுறை செதுக்கினால் பல பிரதிகள் எடுக்கலாம். ஏழைக்கும் எட்டும் கலை அது. 1978இல் மறைந்தார்.

இன்றும் செய்தித்தாள்கள் 'தலித் இளைஞர் கொலை' என்று எழுதி முடித்துக்கொள்கின்றன. நம் சுவரொட்டியில் அந்த இளைஞரின் பெயரையும் ஊரையும் பெரிய எழுத்தில் எழுதுவோம்.