என் சன்னல் விளக்கு

1984-ஆம் ஆண்டு செப்டம்பரில் மேற்படிப்புக்காகப் பிரான்சின் லியோன் நகருக்குச் சென்றேன். காரைக்கால், 1954 நவம்பர் முதல் நாள்வரை பிரெஞ்சியர் ஆண்ட ஊர்; அம்மொழி எனக்குப் புதிதன்று. ஆயினும், என்னை ஏற்ற குடும்பத்தாரின் பேச்சு வேகத்தில் நான் கற்றது ஊமையாயிற்று.

முதல் நாளே வீட்டுச் சாவியைத் தந்தனர். உண்ட தட்டை நானே கழுவவேண்டும் என்றனர். விருந்தினரை இலையெடுக்க விடாத அரசலாற்றங்கரையில் வளர்ந்த எனக்கு, அது புறக்கணிப்பாகவே பட்டது. 'நலமாக இருக்கிறேன்' என அம்மாவுக்குப் பொய்யாக எழுதினேன்.

டிசம்பர் 8, அமல அன்னையின் பெருவிழா. 1852-இல் ஃபூர்வியேர் குன்றில் அன்னையின் திருவுருவம் நிறுவப்பட்ட அவ்விரவு தொடங்கி, ஆண்டுதோறும் லியோன் மக்கள் சன்னல்களில் விளக்கேற்றுகின்றனர். நம்மூர் அண்டை வீடுகளின் கார்த்திகை அகல்கள் நினைவில் எழ, நெஞ்சடைத்தது. அப்போது வீட்டம்மா மெழுகுதிரி இட்ட கண்ணாடிக் குவளைகளை நீட்டி, "உன் அறைச் சன்னலுக்கு நீதான் ஏற்றவேண்டும்" என்றார்.

அன்றே உணர்ந்தேன்: விருந்தினனுக்கு எவரும் வீட்டுச் சாவி தருவதில்லை, பிள்ளைக்கே தருவர். இரவு தட்டைக் கழுவி வைத்துவிட்டு, 'நலமாக இருக்கிறேன்' என்று அம்மாவுக்கு மீண்டும் எழுதினேன். இம்முறை அது பொய்யன்று.